ஒல்லி உடம்பில் தசை ஏறும் கணக்கு

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் காவலர் தேர்வின் உடல்திறன் போட்டியில் ஆண்களுக்கு ஒரு கயிறு உண்டு. 5 மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், 6 மீட்டர் ஏறினால் இரண்டு ஸ்டார். அதற்கு முன்பே 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடித்திருக்க வேண்டும். மார்பளவு சாதாரணமாக 81 சென்டிமீட்டர், மூச்சை இழுத்துப் பிடித்தால் இன்னும் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். ஓட்டத்தில் ஒல்லிப் பையன்கள் பறந்துவிடுவார்கள். அளவு டேப்பைக் கண்டதும்தான் முகம் மாறும். கயிற்றில் பாதி தூரம் போனதும் முழங்கைக்குக் கீழே நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு, விரல் திறந்து, சர்ரென்று வழுக்கி இறங்குவார்கள். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிருக்கும்.

அந்தப் பையனைப் பற்றியதுதான் இந்த உரை. அவன் போலீஸ் வேலைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. கல்லூரியில் படிக்கலாம், கூரியர் கம்பெனியில் பெட்டி தூக்கலாம். வயது இருபதை ஒட்டி, எடை ஐம்பத்தைந்து கிலோ. ஊரில் ‘நோஞ்சான்’, வகுப்பில் ‘ஒல்லிக்குச்சி’. வீட்டில் “நல்லா அள்ளிப் போட்டுச் சாப்பிடுடா” என்பார்கள். ஜிம்மில் “பவுடர் இல்லாம ஆர்ம்ஸ் ஏறாது தம்பி” என்பார்கள். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் எவ்வளவு சோறு, எவ்வளவு பளு, எத்தனை வாரம் என்ற கணக்கை இரண்டு தரப்பும் அவனுக்குச் சொல்வதில்லை.

ஒல்லியாக இருப்பதன் வெட்கத்தைக் காசாக்கும் வியாபாரம் நூறாண்டுக்கும் பழையது. பிரஷ்யாவில் 1867 இல் பிறந்த யூஜின் சாண்டோ, 1901 இல் லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பெரிய உடற்கட்டுப் போட்டி ஒன்றை நடத்தினார். நடுவர்களில் ஒருவர் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில். சிறு வயதில் தானும் நோஞ்சானாக இருந்ததாகச் சொல்லியே சாண்டோ ஸ்பிரிங் வைத்த டம்பெல்லும் கொக்கோ பவுடரும் விற்றார். அடுத்த சில ஆண்டுகளில் இந்தியாவுக்கும் வந்து போனார். அவர் பெயர் இங்கே பட்டமாகவே தங்கிவிட்டதால்தான் கோவையில் தேகப்பயிற்சியால் பெயர் வாங்கிய படத் தயாரிப்பாளர் ‘சாண்டோ’ சின்னப்பா தேவர் ஆனார். பெங்களூரில் ஹெர்குலிஸ் ஜிம்னாசியம் நடத்திய கே.வி. ஐயர் தபால் வழியாகவே தேகப்பயிற்சிப் பாடம் அனுப்பினார்.

விளம்பரக் கலையில் இவர்களையெல்லாம் மிஞ்சியவர் சார்லஸ் அட்லஸ். இத்தாலியில் ஏஞ்சலோ சிசிலியானோ என்ற பெயரில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். 1929 இல் சார்லஸ் ரோமன் என்ற விளம்பரக்காரரோடு கூட்டுச் சேர்ந்த பிறகு, அவருடைய தபால் பாடம் காமிக்ஸ் புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில் இடம் பிடித்தது. கடற்கரையில் ஒரு தடியன் ஒல்லிப் பையன் முகத்தில் மணலை உதைக்கிறான், கூட இருக்கும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாள், பையன் பாடத்தை வாங்குகிறான், திரும்பி வந்து தடியனை ஒரு குத்து விடுகிறான். 97 பவுண்டு, அதாவது 44 கிலோ நோஞ்சானாக இருந்தவன் நான் என்பது அட்லஸின் முத்திரை வாசகம். எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு கையை இன்னொரு கையால் எதிர்த்து அழுத்தினாலே போதும் என்றார். ஆரம்பத்தில் கொஞ்சம் பலன் இருக்கும். ஆனால் அழுத்தம் போன வாரத்தைவிட இந்த வாரம் கூடியிருக்கிறதா என்று அளக்க அதில் வழியில்லை. பையன் எங்கே நிற்கிறான் என்பது அவனுக்கே தெரியாது.

அளக்கும் வழியைச் சொன்னவர் ஒரு டாக்டர். அவரும் ஒரு காலத்தில் படுக்கையில் கிடந்த பையன்தான். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த தாமஸ் டிலோர்ம் பதின்ம வயதில் ருமாட்டிக் காய்ச்சலில் மாதக்கணக்கில் படுத்துவிட்டார். இதயத்தைத் தாக்கும் நோய் அது. கடினமான வேலை எதுவும் கூடாது என்பதுதான் அந்தக் கால மருத்துவ அறிவுரை. எழுந்த பிறகு அவர் கிடைத்த இரும்பையெல்லாம் கோத்து எடை தூக்கிப் பழகி, பலசாலி ஆனார். பிறகு மருத்துவம் படித்து ராணுவ டாக்டராகச் சிகாகோவின் கார்டினர் மருத்துவமனைக்கு வந்தார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. முட்டியில் அடிபட்ட சிப்பாய்கள் கட்டில் கட்டிலாகக் கிடந்தார்கள். சூம்பிய தொடைக்கு லேசான அசைவை நூற்றுக்கணக்கான தடவை கொடுப்பதுதான் அப்போதைய வைத்தியம். பளு ஏற்றினால் மூட்டு கெட்டுவிடும் என்ற பயம்.

டிலோர்ம் அதைத் தலைகீழாக்கினார். காலில் இரும்புக் காலணியைக் கட்டி, அதில் எடையைக் கோத்து, முட்டியை நீட்டி மடக்கச் சொன்னார். ஒருவரால் சரியாகப் பத்து தடவை மட்டும் தூக்க முடிகிற எடை எது என்று கண்டுபிடிப்பார். பயிற்சி முழுவதும் அந்த எடையை அடிப்படையாக வைத்துத்தான். பத்து தடவை சுலபமாகிவிட்டால் எடை கூடும். புதிய எடைக்கு மறுபடியும் பத்து. 1945 இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். முதலில் ஏழு முதல் பத்து செட் வரை செய்யவைத்தவர், 1948 வாக்கில் ஆர்தர் வாட்கின்ஸ் என்ற டாக்டரோடு சேர்ந்து அதை மூன்றாகக் குறைத்தார். முதல் செட்டுக்குப் பாதி எடை, இரண்டாவதுக்கு முக்கால், மூன்றாவதுக்கு முழு எடை. இன்று எந்தத் தெருவின் ஜிம்முக்குள் நுழைந்தாலும் மாஸ்டர் “மூணு செட், பத்து பத்து அடி தம்பி” என்கிறாரே, அதன் வேர் இந்த ஆஸ்பத்திரி வார்டுகளில் இருக்கிறது. ஜிம்முக்கு வந்து சேர்ந்தது மூன்றும் பத்தும் மட்டும். எடையைக் கூட்ட வேண்டும் என்ற முக்கியமான பாதி வழியிலேயே விழுந்துவிட்டது. ஆறு மாதமாக அதே ஐந்து கிலோ டம்பெல்லை அதே பத்து தடவை தூக்கும் பையன்களை எந்த ஜிம்மிலும் பார்க்கலாம்.

ஒல்லிப் பையனிடம் கூட்டுவதற்கு இரும்பே இல்லையென்றால்? தரையில் செய்யும் புஷ்-அப் அவன் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கைகளின் மேல் வைக்கிறது. ஐம்பத்தைந்து கிலோ பையனுக்கு அது சுமார் 36 கிலோ. ஒன்றுகூட முறையாக எடுக்க முடியாதவனுக்கு அது அதிகம். சுவரில் கை ஊன்றித் தொடங்கலாம், பிறகு மேஜை, பிறகு பெஞ்சு, கடைசியில் தரை. தரையில் பதினைந்து, இருபது வந்துவிட்டால் காலைத் திண்ணையில் தூக்கி வைக்க வேண்டும். அதுவும் சுலபமானால் முதுகில் ஒரு பை, அதற்குள் புத்தகம் அல்லது அரிசிப் பொட்டலம். 2017 இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்றில் ஒரு குழு லேசான எடையில் பெஞ்ச் பிரஸ் செய்தது, இன்னொரு குழு அதே அளவு பளு விழும்படி அமைத்த புஷ்-அப் செய்தது. எட்டு வாரம் கழித்து மார்புத் தசையின் தடிப்பும் கையின் பின்பக்கத் தசையின் தடிப்பும் இரு குழுவிலும் ஒரே மாதிரிதான் கூடியிருந்தன. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2016 இல் 49 ஆண்களை 12 வாரம் பயிற்சி செய்யவைத்துப் பார்த்ததிலும், கனமான எடையைக் குறைந்த தடவை தூக்கியவர்களுக்கும் லேசான எடையை நிறைய தடவை தூக்கியவர்களுக்கும் தசை வளர்ச்சி ஒத்துத்தான் இருந்தது. இரு தரப்பும் இனி ஒன்றுகூட முடியாது என்ற இடம் வரை போனார்கள் என்பதுதான் நிபந்தனை. பார்பெல் வாங்கக் காசில்லை என்ற ஏக்கம் இதைக் கேட்டாவது கொஞ்சம் அடங்கட்டும்.

முறை என்று சொன்னதற்கு அர்த்தம் உண்டு. கை தோளுக்குச் சற்றே வெளியே. முழங்கை பக்கவாட்டில் இறக்கை மாதிரி விரியாமல் உடம்பை ஒட்டிச் சாய்வாகப் பின்னோக்கிப் போக வேண்டும். குதிகாலிலிருந்து பின்கழுத்து வரை ஒரே நேர்கோடு. மார்பு தரையைத் தொடும் தூரத்துக்கு இறங்க வேண்டும். இறங்க இரண்டு விநாடியாவது ஆக வேண்டும். “ஐம்பது எடுப்பேன்” என்று சவால் விடுகிற பையனை இந்த நிபந்தனையோடு எடுக்கச் சொன்னால் பன்னிரண்டில் நின்றுவிடுவான். அந்தப் பன்னிரண்டுதான் அவனுடைய உண்மையான கணக்கு. இடுப்பைத் தூக்கி, உடம்பை வளைத்து இறங்கி, முன்பக்கமாக எழும் நம் ஊர் தண்டால் தோளுக்கும் முதுகுக்கும் நல்ல அசைவு தரும். ஆனால் அதில் பளுவைப் படிப்படியாகக் கூட்டுவது சிரமம். இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

கண்ணாடி செய்யும் கெடுதல் ஒன்று உண்டு. அதில் தெரிவது மார்பும் கையின் முன்பக்கமும். ஆகவே பையன்கள் செஸ்ட்டும் பைசெப்ஸும் அடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கையின் சுற்றளவில் பெரிய பங்கு பின்பக்கத்து டிரைசெப்ஸுடையது. மேலுடம்பை அகலமாகக் காட்டுவதோ, ஜிம் பாஷையில் ‘விங்ஸ்’ எனப்படும் முதுகுத் தசை. தேர்வு மைதானத்தின் அளவு டேப் மார்பை மட்டும் அளப்பதில்லை, முதுகையும் சுற்றித்தான் வருகிறது. கயிற்றில் ஆளை மேலே இழுப்பதும் இந்த முதுகுதான், பிடியைத் தருவது முன்கை. தள்ளும் பயிற்சி எவ்வளவோ அவ்வளவு இழுக்கும் பயிற்சியும் வேண்டும் என்பதற்கு இதைவிட நேரடியான காரணம் தேவையில்லை.

இழுப்பதில் ஒல்லிப் பையனுக்கு ஒரு சலுகை இருக்கிறது. தூக்க வேண்டியது தன் எடையை மட்டுமே, அது குறைவு. ஆனாலும் முதல் நாள் சிங்கிள் பாரில் தொங்கினால் ஒரு புல்-அப்கூட வராமல் போகலாம். அவன் ஸ்டூல் மேல் ஏறி, தாடை பாருக்கு மேலே இருக்கும் நிலையில் தொடங்கி, ஐந்து விநாடி எடுத்துக்கொண்டு மெதுவாக இறங்கட்டும். தசை இறங்கும்போது ஏறுவதைவிட அதிகப் பளுவைத் தாங்கும். ஏற முடியாதவனாலும் இறங்க முடிவது அதனால்தான். ஐந்து, ஐந்தாக மூன்று செட், வாரத்தில் இரண்டு மூன்று நாள். சில வாரத்தில் முதல் புல்-அப் வந்துவிடும் வாய்ப்பு அதிகம். பாரின் மேல் இரண்டு துண்டைப் போட்டு அதைப் பிடித்துத் தொங்கினால் பிடியும் தேறும்.

இந்த இடத்தில் பல பையன்கள் ஏமாந்து விலகிவிடுகிறார்கள். மூன்று வாரத்தில் தண்டால் எட்டிலிருந்து பதினெட்டு ஆகிறது, கண்ணாடியிலோ அதே விலா எலும்புகள். பலம் எங்கிருந்து வந்தது? 1979 இல் மொரிடானியும் டிவ்ரீஸும் செய்த ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. ஆரம்ப வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பகுதி நரம்பு மண்டலத்தின் வேலை. இருக்கிற தசை நார்களில் முன்பு சும்மா கிடந்தவற்றையும் மூளை வேலைக்கு அழைக்கப் பழகுகிறது. தசை தடிப்பது அதன் பிறகுதான் மேலோங்குகிறது. ஆக, தசை தெரியாமலே பலம் கூடும் அந்த மாதம் வீண்போன மாதம் அல்ல. அந்த மாதத்தில் ஓடிவிடுகிறவனுக்குத்தான் நஷ்டம்.

ஒல்லி என்றாலே கொழுப்பில்லாத உடம்பு என்றும் நினைத்துவிட வேண்டாம். 2004 இல் லான்செட் இதழில் இரண்டு டாக்டர்களின் படம் பக்கத்தில் பக்கத்தில் வெளியானது. ஒருவர் புனேயின் சித்தரஞ்சன் யாக்னிக், மற்றவர் லண்டனின் ஜான் யுட்கின். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடான பி.எம்.ஐ இருவருக்கும் 22.3. உடம்பில் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். இந்திய உடம்பு எடையில் சிறியதாக இருந்தாலும் அதில் தசை குறைந்து கொழுப்பு கூடியிருக்க வாய்ப்புண்டு என்பதை அந்த ஒரு படம் காட்டியது. சட்டைக்குள் ஒல்லியாகவும் இடுப்பில் சின்னத் தொப்பையோடும் இருக்கும் நம் பையன்களுக்குத் தசைப் பயிற்சி அழகுக்கு மட்டுமான விஷயம் அல்ல. சாப்பிட்ட சர்க்கரை பெரும்பாலும் போய்ச் சேரும் இடம் தசைதான். அது குறைவாக இருந்தால் சர்க்கரை நோய்க்குப் பாதை சுலபமாகும்.

சாப்பாட்டுக்கு வருவோம். “எவ்வளவு சாப்பிட்டாலும் ஏறமாட்டேங்குது” என்பது பொய்யல்ல. 1999 இல் ஜேம்ஸ் லெவைனும் கூட்டாளிகளும் பருமன் இல்லாத 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒருவருக்கு ஏறிய கொழுப்பு வெறும் 0.36 கிலோ, இன்னொருவருக்கு 4.23 கிலோ. காலாட்டுவது, எழுந்து நடப்பது, நிமிர்ந்து உட்காருவது என்று தெரியாமலே கூடிய அசைவுகளில் சிலர் கூடுதல் கலோரியை எரித்துவிட்டார்கள். நம் ஒல்லிப் பையன் அந்த ரகமாக இருக்கக்கூடும். அவன் தினமும் ஒரு முந்நூறு, நானூறு கலோரியைப் பழக்கமாகவே கூட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி அந்தக் கணக்கில் சேராது.

புரதத்துக்கும் அளவு தெரியும். 49 ஆய்வுகளையும் 1863 பேரையும் தொகுத்து 2018 இல் வெளியான மதிப்பாய்வு, எடைப் பயிற்சி செய்கிறவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வரை புரதம் பலன் தருகிறது, அதற்கு மேல் தசைக்குக் கூடுதல் லாபம் தெரியவில்லை என்றது. ஐம்பத்தைந்து கிலோவுக்கு 88 கிராம். மூன்று முட்டையில் 18, அரை லிட்டர் பாலில் 16, ஐம்பது கிராம் வேர்க்கடலையில் 12, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12, நூறு கிராம் கோழியிலோ மத்தி மீனிலோ 20. மிச்சத்தைச் சோறும் இட்லியும் சாம்பாரும் பார்த்துக்கொள்ளும். கறி தின்னாத வீட்டில் ஐம்பது கிராம் மீல் மேக்கர் 25 கிராமுக்கு மேல் தரும். இதில் எதுவும் டப்பாவில் அடைத்து வருவதில்லை. நம் மூன்று வேளைத் தட்டில் சோறு மலையாகவும் பருப்பு மடுவாகவும் இருப்பதுதான் தடை.

டப்பாவைப் பற்றியும் ஒரு விவரம். கேரள மருத்துவர்களின் முயற்சியில் இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பவுடர்கள் பரிசோதிக்கப்பட்டு முடிவு 2024 இல் வெளியானது. ஏறக்குறைய 70 சதவீதத்தில் லேபிளில் எழுதிய புரதமும் உள்ளே இருந்த புரதமும் பொருந்தவில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் பூச்சிமருந்து எச்சமும் இருந்தன. பவுடர் விஷம் என்று இதற்கு அர்த்தமில்லை. நல்ல பவுடர் பால் பவுடரின் உறவுதான். ஆனால் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை அதற்குக் கொட்டும் பையன் முதலில் முட்டைக் கடைக்குப் போயிருக்க வேண்டும்.

ஊசி வேறு சமாச்சாரம். அது வேலை செய்யாது என்று பயமுறுத்துவது எடுபடாது. அது வேலை செய்கிறது. 1996 இல் சலேந்தர் பாசினும் குழுவினரும் எடை தூக்கிப் பழகிய 43 ஆண்களை நான்கு குழுவாகப் பிரித்துப் பத்து வாரம் பார்த்தார்கள். பெரிய அளவில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டு எடையே தூக்காதவர்களுக்குக் கொழுப்பில்லாத எடை 3.2 கிலோ கூடியது. வெற்று ஊசியோடு ஒழுங்காக எடை தூக்கியவர்களுக்கு 1.9 கிலோ. ஊசியும் பயிற்சியும் சேர்ந்தால் 6.1 கிலோ. இன்ஸ்டாகிராமில் மூன்றே மாதத்தில் பலூனாக மாறும் ‘டிரான்ஸ்ஃபர்மேஷன்’ படங்களை இந்த மூன்று எண்களை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். கட்டணமும் உண்டு: விதைப்பை சுருங்கும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும், கெட்ட கொழுப்பு ஏறும், இதயத் தசை தடிக்கும். இருபது வயதில் போடும் ஊசிக்கான பில் முப்பதில் குழந்தைக்கு ஏங்கும்போது வரும். “ஒரு சைக்கிள் ஊசி மட்டும் போடு” என்று சொல்லும் மாஸ்டர் அப்போது வேறு ஊரில் ஜிம் நடத்திக்கொண்டிருப்பார்.

1.9 கிலோ குறைவு என்று யாராவது முகம் சுளித்தால், அது சராசரி என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 2005 இல் மோனிகா ஹூபலும் குழுவினரும் 585 ஆண், பெண்களுக்கு வழக்கமாகப் பயன்படுத்தாத கையில் மட்டும் 12 வாரம் ஒரே மாதிரிப் பயிற்சி கொடுத்தார்கள். முன்கையை மடக்கும் தசையின் அளவு ஒருவருக்கு 2 சதவீதம் குறைந்தே போனது, இன்னொருவருக்கு 59 சதவீதம் கூடியது. பலமோ சிலருக்கு அசையவே இல்லை, ஒருவருக்கு 250 சதவீதம் ஏறியது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு மூன்று மாதத்தில் வந்தது நமக்கு எட்டு மாதம் ஆகலாம். அதனால்தான் ஒரு நோட்டு வேண்டும். தேதி, பயிற்சி, எத்தனை தடவை, எவ்வளவு பளு; வாரம் ஒரு முறை எடை, மாதம் ஒரு முறை டேப் அளவு. மூன்று வாரமாக நோட்டில் எண் நகரவில்லையென்றால் சாப்பாட்டையோ தூக்கத்தையோ பளுவையோ திருத்த வேண்டும்.

வங்காளத்து மனோகர் ஆய்ச்சின் உயரம் 4 அடி 11 அங்குலம். பன்னிரண்டு வயதில் காலா-அசார் காய்ச்சலில் உருக்குலைந்து, தேறியதும் தேகப்பயிற்சியில் இறங்கினார். விமானப்படையில் சேர்ந்து, ஆங்கிலேய அதிகாரியோடு மோதிச் சிறைக்குப் போய், அங்கேயும் பயிற்சியை விடாமல், 1952 இல் தன் உயரப் பிரிவில் மிஸ்டர் யுனிவர்ஸ் ஆனார். அப்போது வயது நாற்பது. நூறைத் தாண்டி வாழ்ந்து 2016 இல் இறந்தார். அவரைப் போல எல்லோரும் ஆகிவிடலாம் என்பதல்ல சேதி. ஹூபலின் பட்டியலில் அவர் 59 சதவீதத்துப் பக்கத்து ஆளாக இருந்திருப்பார். ஆனால் நோயிலிருந்து எழுந்த உடம்பும் பளுவுக்குப் பதில் சொல்லும் என்பதற்கு டிலோர்மும் அவரும் போதும்.

நோய் என்றதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிறு வயதிலிருந்தே ஒல்லியாக, சுறுசுறுப்பாக இருப்பவன் ஜிம்முக்குப் போகலாம். நன்றாகச் சாப்பிட்டும் சில மாதத்தில் எடை இறங்கிக்கொண்டே போகிறவன், இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவன், அடிக்கடி தாகமும் சிறுநீரும் உள்ளவன், கை நடுங்கி நெஞ்சு படபடக்கிறவன் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். காசநோய், முதல் வகைச் சர்க்கரை நோய், தைராய்டு மிகைச் சுரப்பு இவற்றில் எதுவும் ‘ஒல்லி உடம்பு’ என்ற பெயரில் ஒளிந்துகொள்ளும். சளிப் பரிசோதனையும் காசநோய் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை ஒரு காலை நேர வேலை. அந்த ரிப்போர்ட்டுகள் சரியாக வந்த பிறகு பாரில் தொங்கலாம்.